பஸ் டிக்கெட்டில் பிழைத்த நாடுகள்

நம் வயதுக்காரர்களில் உலகத்தை ஒரு தடவையாவது அழித்துப் பார்க்காதவர்கள் குறைவு. சிலர் மணலில் அழித்திருப்பீர்கள், சிலர் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அழித்தோம். அழிப்பது ஒரு மத்தியான வேலை. அதற்குப் பிறகு யார் எங்கே இருப்பது, என்ன சாப்பிடுவது என்று தீர்மானிப்பதில்தான் அந்த வருடக் கடைசி விடுமுறை முழுவதும் போனது.

நாங்கள் நான்கு பேர். பெரியப்பாவின் ஒரே மகளான அக்கா. அவள் அப்போதுதான் ஐந்தாம் படிவத்தின் இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்தாள். அடுத்து, காப்பாரிலிருந்து விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த என் அண்ணனும் நானும். எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. நான்காவது, இரண்டு தெரு தள்ளியிருந்த செட்டியார் வீட்டுப் பையன். அவனுக்கும் அண்ணன் வயதுதான், ஆனால் பேச்சில் நாற்பது வயது.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் அவன்தான். லண்டனில் படித்துக்கொண்டிருந்த அவனுடைய மூத்த அண்ணன், அங்கே மாணவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டின் விதிகளை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நுழைய வேண்டும், நடப்பதும் நடக்காததும் பகடை சொல்லும். வந்து சேர்ந்தது நடுப்பக்கங்கள் மட்டும். எப்படித் தொடங்குவது என்பதும் எப்படி ஜெயிப்பது என்பதும் அதில் இல்லை. அக்கா அந்தத் தாள்களை இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்துவிட்டு, "ஜெயிக்கிறதெல்லாம் இதுல இல்லடா. ஊரு வேணும். மொதல்ல ஊரு கட்டணும்" என்றாள்.

ஊர் கட்ட வேண்டுமானால் பழைய ஊர் போக வேண்டும்.

"அணுகுண்டு" என்றான் அண்ணன்.

"அணுகுண்டு எதுக்கு லா? கிள்ளான் ஆறு பொங்குனா போதும்" என்றான் செட்டியார் வீட்டுப் பையன். "எங்க கடையில மேல் தட்டு வரைக்கும் தண்ணி வந்துச்சாம், நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

அக்கா பென்சிலைக் கடித்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள். "எப்படி அழிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. யாருக்கெல்லாம் தெரிஞ்சுச்சோ அவங்க எல்லாம் ஓடுனாங்க, அடிச்சுக்கிட்டாங்க, செத்தாங்க. பொழைச்சவங்க யாருன்னா, அவங்கவங்க ஹாபியில மூழ்கிக் கிடந்தவங்க. ஸ்டாம்ப் ஒட்டிக்கிட்டு இருந்தவன், புறாவுக்குத் தீனி வச்சுக்கிட்டு இருந்தவன். தலைய நிமிர்த்திப் பாத்தா ஊரே காலி."

இன்றைக்கும் நான் இதைவிட நல்ல உலக முடிவைக் கேட்டதில்லை.

பெரிய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒன்றோடொன்று ஒட்டி, வரைபடம் தயாரானது. பெட்டாலிங் ஜெயா தபால்தலைக்காரர்களின் நாடு, ஏனென்றால் அங்கேதான் அலுவலகங்களில் இரும்பு அலமாரி அதிகம், ஈரம் ஏறாது. பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிகள் புறாக்காரர்களுக்கு. கிள்ளான் முழுவதும் கேசட் சேர்ப்பவர்களுக்கு. காப்பார் கடற்கரை தூண்டில்காரர்களுக்கு. அதை அண்ணன் சொந்த ஊர் என்று உரிமை கொண்டாடிப் பிடித்துக்கொண்டான். ஜெஞ்சாரோமில் மெர்போக் குருவியைப் பாடவிட்டுப் போட்டி வைக்கிறவர்கள். அந்த நாட்டில் காலை பத்து மணிவரை மனிதர் யாரும் வாய் திறக்கக் கூடாது, வழக்குகளைக் குருவிதான் தீர்க்கும்.

அக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று கேள்வி வைத்திருந்தாள். என்ன சாப்பிடுவாங்க? எதுக்குப் பயப்படுவாங்க? கக்கூஸ் யார் கழுவுவாங்க? மூன்றாவதற்குப் பதில் சொல்லாத நாடு வரைபடத்தில் ஏறாது. அண்ணன் அந்தக் கேள்வியில் சிரித்துச் சிரித்தே மூன்று நாள் தோற்றான்.

"எங்க ஆளுங்க மீன் புடிப்பாங்க, சாப்பிடுவாங்க, முடிஞ்சு போச்சு" என்றான் அவன்.

"புடிச்ச மீன சாப்பிடுறவன் மீன்காரன்டா. ஹாபிக்காரன் அளந்து பாப்பான், எடை போடுவான், தெருத்தெருவா காட்டுவான். சாப்பிட உக்காரும்போது மீனு நாறிப் போயிருக்கும்."

"அப்ப எல்லாரும் பட்டினியா?"

"ஆமா. ஒன் நாட்டுப் பிரச்சின அதுதான். யோசி."

நான் தபால்தலை நாட்டுக்காரி. எங்கள் நாட்டில் மிகப் பெரிய குற்றம் விரலால் தொடுவது. குழந்தைகள்கூட இடுக்கியால்தான் சோறு சாப்பிடும். குற்றவாளியின் நெற்றியில் தபால் முத்திரை குத்திவிடுவோம். முத்திரை விழுந்தவர் அதற்குமேல் எந்த ஊருக்கும் பயணம் போக முடியாது. செட்டியார் வீட்டுப் பையனின் கேசட் நாட்டில் பாட்டின்மேல் பாட்டைப் பதிவு செய்தால் கொலைக் குற்றம். பள்ளி மண்டபங்களில் வாழ்ந்த பூப்பந்துக்காரர்கள், பந்துக்கு இறகு தேடிப் புறாக்காரர்கள்மேல் படையெடுத்தார்கள்.

"புறா எறகு சரிவராது. வாத்து எறகுதான் லா" என்றான் செட்டியார் வீட்டுப் பையன்.

"ஒலகமே அழிஞ்சு போச்சு, வாத்துக்கு எங்கடா போறது?" என்றான் அண்ணன்.

இப்படியே மத்தியானங்கள் போயின. மூன்று மணிக்கெல்லாம் வானம் கறுத்து, தண்டவாளத்துப் பக்கமிருந்து டீசல் வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து ஜன்னலில் வரும். ரயில் பெட்டிகளை இணைக்கும்போது எழும் இடியில் மேசைமேல் டம்ளர்கள் நடுங்கும். அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. அந்த வரைபடமும் இல்லை. எப்போது காணாமல் போனது என்பதில் அக்கா, அண்ணன், நான் மூவருக்கும் மூன்று கருத்து.

பகடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். அதைவிட முக்கியமாக, மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர். சூதாட்டம் என்ற சொல்லின் நிழல்கூட அவர் வீட்டில் விழக் கூடாது. கோயில் சந்தையில் நடக்கும் குலுக்கல் பரிசையும் பள்ளிக்கூட லக்கி டிராவையும் ஒரே கண்ணால் பார்ப்பார். பாம்புக்கட்டம் வாங்கித் தந்தபோது பெட்டியைத் திறந்து, பகடையை மட்டும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏணியும் பாம்பும் உள்ள பலகையை நாங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

ஆகவே பஸ் டிக்கெட். மினி பஸ்ஸில் தரும் அந்த மெல்லிய துண்டுத்தாள் உங்களுக்கு நினைவிருக்கும். வியர்வைக் கையில் இரண்டு நிமிடம் இருந்தால் கூழாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண். கடைசி இலக்கம்தான் எங்கள் பகடை. நிறுத்தத்தில் விழுந்து கிடப்பதையெல்லாம் பொறுக்கிவந்து, வெயிலில் காயவைத்து, பழைய மைலோ டின்னில் போட்டுக் குலுக்குவோம். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். கீழே வந்தால் நடக்காது. டின் அக்காவின் பொறுப்பு. மற்றவர்கள் எடுக்கலாம், உள்ளே பார்க்கக் கூடாது.

முதல் வாரத்தில் எங்கள் ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். அண்ணனின் தூண்டில்காரர் மூன்று பேர் ஒரே மத்தியானத்தில் மூழ்கினார்கள், அண்ணன் சாப்பிடாமல் போய்ப் படுத்தான். இரண்டாவது வாரத்திலிருந்து அதிர்ஷ்டம் திரும்பியது. அண்ணன் காப்பாருக்கு ராஜாவானான். அது இயல்பாக நடந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அண்ணன் ஒருநாள் கேட்டான். "ஏங்க்கா, பெரியப்பாவுக்குத்தான் ஹாபியே இல்லியே. அப்ப அவரு செத்துட்டாரா?"

அக்கா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடித்து, தூளை ஊதிவிட்டுச் சொன்னாள். "அவரு டியூட்டில இருந்தாரு. ரயிலோட போயிட்டாரு."

"எங்க?"

"அது இந்த மேப்புல இல்ல."

அக்காவுக்கு வேறு ஒரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செட்டியார் வீட்டு லண்டன் அண்ணனுடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர் நகர அமைப்பு படிக்கிறாராம். "சாலை எங்க போகணும், சாக்கடை எந்தப் பக்கம் ஓடணும், பள்ளிக்கூடத்தை எங்க வைக்கணும்னு முடிவு பண்றதுக்கே ஒரு படிப்பு இருக்காம், குட்டி" என்று என்னிடம் சொன்னாள். குரலில் அவ்வளவு ஆச்சரியம். மார்ச்சில் ரிசல்ட் வரும், ஆறாம் படிவம் போகலாம், பிறகு அந்தப் படிப்பு. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொல்லணும்" என்றாள். அந்த வீட்டில் பிள்ளைகள் எதையும் அறிவிப்பதில்லை. பெரியப்பா தீர்மானிப்பார், பெரியம்மா வந்து தெரிவிப்பார்.

பெரியப்பா எங்கள் விளையாட்டைத் துண்டு துண்டாகத்தான் கேட்டார். வேலைக்குப் புறப்படும்போது "உலகம் அழிஞ்ச பிறகு" என்பது காதில் விழும். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றும்போது "நியாயத்தீர்ப்பு", "படை", "பஞ்சம்". வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் காதைத் திருகியிருப்பார். பெரியப்பாவோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது, பிள்ளைகளுக்குக் கடைசி நாட்களைப் பற்றிய சிந்தனையைத் தந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினோம். அக்கா மட்டும் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து மேசை எங்களுடையது. பாத்திரம் கழுவ யாரும் கூப்பிடவில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் வேலை இல்லை. ஒருநாள் டிக்கெட் டின்னைப் பார்த்துப் பெரியப்பா இது என்ன என்று கேட்டார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பஸ் டிக்கெட். யாரும் எதையும் பந்தயம் கட்டவில்லை. "அப்போஸ்தலர்கள் ஆளைத் தெரிஞ்செடுத்ததும் இப்படித்தான். கர்த்தர்கிட்ட விட்டுட்டு குலுக்கி எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அக்கா அவரைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் மேசை போயிருக்கும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை; ஒவ்வொரு நாட்டுக்கும் ஐம்பது வருட எதிர்காலத்தை யோசித்து வைத்திருந்த அக்காவும்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் போதகர் வந்தார். பெரியப்பா சபையில் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய குரல், சுத்தமான வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர். வரைபடத்தின்மேல் குனிந்து நின்றார்.

"இந்தப் பட்டணத்துக்கு எத்தனை வாசல்மா?"

அவர் மனத்தில் இருந்தது வேதாகமத்தின் கடைசியில் பன்னிரண்டு வாசலோடு வானத்திலிருந்து இறங்கி வரும் நகரம். அக்கா விரல் வைத்துக் காட்டினாள். "மூணு போதும் பாஸ்டர். ஒண்ணு லோரி வர்றதுக்கு, ஒண்ணு ஆளுங்களுக்கு, ஒண்ணு பொணம் எடுத்துட்டுப் போக."

"மதில் வேண்டாமா?"

"மதில் கட்டுனா உள்ள இருக்கிறவங்க அடிச்சுக்குவாங்க பாஸ்டர்."

போதகர் ஒவ்வொரு நாடாக விரல் வைத்துப் பார்த்தார். பெரியம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது. "இந்தப் பிள்ளைய வீணாக்கிராதீங்க" என்று மட்டும் பெரியப்பாவிடம் சொன்னார். போகும்போது வாசலில் நின்று நிறைய பேசினார்கள். பெரியம்மா வந்து தெரிவித்தார்: வடக்கே ஒரு வேதாகமப் பள்ளி, ஜனவரியில் சேர்க்கிறார்கள், தங்கும் இடம் உண்டு, நான்கு வருடம், பிறகு ஊழியம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

"நீ போகலன்னு சொல்லிரு, அக்கா" என்றேன்.

"யார்கிட்ட?" என்றாள் அக்கா.

அன்று முதல் விளையாட்டு நின்றது. செட்டியார் வீட்டுப் பையன் வந்து, "என்னா லா, நாடு எல்லாம் லீவா?" என்று கேட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். கோழிக் கறி, வெள்ளரிக்காய் சம்பல், வழக்கத்துக்கு மாறாக நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் போதகருக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரியப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, எங்கள் அறைக்குள் போய், மைலோ டின்னோடு வந்தார். மேசைமேல் வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா ரிசல்ட் வரைக்கும் வீட்ல இருக்கட்டும். கீழ வந்தா ஜனவரியில போறா. ஜெபிச்சிட்டு எடுக்கிறேன்."

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பெரியப்பா கண்ணை மூடி நீண்ட ஜெபம் செய்தார். அன்று அது எனக்குப் பயங்கரமாகத் தோன்றியது. இப்போது யோசித்தால் வேறொன்று தெரிகிறது. தீர்மானித்துவிட்ட மனிதர் டின்னைத் தேடி வரமாட்டார். போதகரின் சொல் ஒரு பக்கம், ஒரே மகளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் பூட்ஸ் கழற்றுவது ஒரு பக்கம். இரண்டையும் அவர் யாரிடமும் பேசியதில்லை. பேசுவதற்கு ஆள் இல்லாத மனிதர்.

டின்னைக் குலுக்கினார். கையை விட்டார். துண்டுத்தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழு."

அண்ணன் நாற்காலியிலிருந்து குதித்தான். "அக்கா போகல! அக்கா போகல!" பெரியம்மா "ஸ்தோத்திரம்" என்றார். பெரியப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன், மூட்டையை இறக்கி வைத்தவர் போல.

"அது செல்லாதுப்பா" என்றாள் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் எழுந்து, டின்னைக் கவிழ்த்து, டிக்கெட்டுகளை மேசைமேல் கொட்டிப் பரப்பினாள். "பாருங்க. ஏழு, எட்டு, ஒம்பது, ஆறு, எட்டு. சின்ன நம்பர் எல்லாம் நான் எப்பவோ பொறுக்கி எடுத்துட்டேன். இதுங்க ஆளுங்க செத்துக்கிட்டே இருந்தாங்க, இவன் சாப்பிடாம படுத்துட்டான். அதுக்காக. நீங்க பத்து தடவ எடுத்தாலும் இதான் வரும்."

"அப்ப நான் ராஜாவானது?" என்றான் அண்ணன்.

"சும்மா இருடா."

"சொல்லுக்கா, நான் ராஜாவானது?"

"நான்தான் ஆக்குனேன்."

அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

"ஏழு வந்திருச்சே" என்றார் பெரியப்பா மெதுவாக. "நீ பேசாம இருந்திருக்கலாமே. நீ கேட்டதுதானே வந்திருக்கு?"

"நான் எதுவுமே கேக்கலப்பா." அக்காவின் குரல் உயரவில்லை. "நீங்களும் கேக்கல. பாஸ்டரைக் கேட்டீங்க. கர்த்தரைக் கேட்டீங்க. டின்னைக் கேட்டீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

தண்டவாளத்தில் ஏதோ ஒரு வண்டி போனது. பெரியப்பா டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தார், சோதனை செய்கிறவர் போல. ஒரே ஒரு சின்ன நம்பராவது இருக்கும் என்று தேடினாரோ என்னவோ.

பெரியம்மாதான் பேசினார். எதையும் தெரிவிக்க மட்டுமே செய்தவர், அன்று முதல் தடவையாக ஒன்றைச் சொன்னார். "கேளுங்களேன். கேட்டா என்ன?"

பெரியப்பா நிமிர்ந்தார். "சரி. சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

அக்கா சொன்னாள். முதலில் தடுமாற்றம், பிறகு வேகம். நகர அமைப்பு என்றால் என்ன என்று பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "இஞ்சினியரா?" என்றார். இல்லை. "கவுன்சில் கிளார்க்கா?" அதுவும் இல்லை. "பொம்பளப் பிள்ளைங்க செய்வாங்களா?" தெரியாது என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். சம்மதம் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா. பாஸ்டர்கிட்ட நீயே சொல்லு. வழியில எனக்கும் வெளங்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லிக்கிட்டு வா" என்றார்.

பின்னாளில் அக்கா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ரிசல்ட் வந்தது, சுமாராக. அந்தப் படிப்புக்கு நேராக இடம் கிடைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் வரைபடக் கலைஞர் வகுப்பில் சேர்ந்து, வேலைக்குப் போய், சுற்றி வளைத்து நகர அமைப்புக்கே போய்ச் சேர்ந்தாள். இப்போது கேட்டால், "பாதி வாழ்க்கை கார் நிறுத்துற எடத்துக்குக் கோடு போட்டே போச்சு" என்பாள்.

என் மனத்தில் நிற்பது அதுவல்ல, அந்த ஞாயிறு மத்தியானம். நாங்கள் மூன்று பேரும் ஜன்னலில் நின்றோம், பெரியம்மா, அண்ணன், நான். சாலை நேராகப் போய், கடைசியில் ஆலயம் தெரியும். அதன் பக்கத்து வீடுதான் போதகருடையது. பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அக்கா ஒரு சாண் முன்னால், பாதி திரும்பியபடி, கையை வீசி வீசிப் பேசிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்று சாக்கடையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், ஏதோ கேட்டார். அவள் எதிர்ப்பக்கக் கட்டடத்தைக் காட்டினாள். அவர் அதையும் பார்த்தார். பத்தடி போய் அவரே நின்று எதையோ காட்டிக் கேட்டார்.

ஆலயம் வந்தது. போதகர் வீட்டு வாசல் திறந்திருந்தது. இருவரும் பேசிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறாங்க இதுங்க?" என்றார் பெரியம்மா.